முதலில் குறையைச் சொல்பவர்

ஒரு கல்லூரி நல்லதா இல்லையா என்பதை அதன் பேருந்துகளை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த அந்த மாதம், திருவண்ணாமலையில் எங்கள் வேங்கிக்கால் மெயின் ரோட்டு டீக்கடையில் காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணினேன். வெள்ளைப் பேருந்து ஏழு. நீலம் நான்கு. மஞ்சள் பதினொன்று. மஞ்சள்தான் என்று முடிவு கட்டினேன். மகள் கேட்டதோ பொருளாதாரம். பதினொரு பஸ்ஸுக்கு டீசல் போடுகிறவனுக்குப் பொருளாதாரம் தெரியாமலா இருக்கும் என்பது என் வாதம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற ஒருவர் இருந்தார். நடுவே இருபதடி ரோடு, அவ்வளவுதான். அவரைக் கேட்காமல் பஸ் எண்ணப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். கேட்டேன். பாதி வரைக்கும் கேட்டேன்.

தெருவே அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் இருக்கும், வேலை வருடா வருடம் புதுப்பித்தால்தான் இருக்கும். மெலிந்த உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பை வெள்ளை நூலால் கட்டியிருப்பார். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். இப்போது அவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கணவருக்கு வேறு பணிமனைக்கு மாற்றலாகி, வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வீடு வாங்க வந்தவரிடம் மேடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “செப்டிக் டேங்க் சின்னதுங்க.”

அதுதான் அவர். எதைப் பற்றிப் பேசினாலும் குறையை முதலில் சொல்லிவிடுவார். பொருள் அடுத்தவருடையதாக இருந்தாலும் அப்படித்தான். தன்னுடையதாக இருந்தால் இன்னும் ஜாஸ்தி.

அவர்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்த சமயம். யாராவது பார்க்க வந்தால் நான் என் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். டிக்கெட் இல்லாத வேடிக்கை. வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மேடம் ஆரம்பித்துவிடுவார்.

“மேல வெயில் ஜாஸ்திங்க. சித்திரை வைகாசில மத்தியானம் இருக்க முடியாது. மோட்டார் மாசத்துக்கு ஒரு தபா மக்கர் பண்ணும். படி செங்குத்து, வயசானவங்க இருந்தா யோசிச்சிக்குங்க. அப்பறம், எதிர்வீட்டு சார் காலைல அஞ்சரைக்கு வாய் கொப்பளிக்கறப்ப ஒரு சத்தம் போடுவாரு. மொதல்ல பயமா இருக்கும். பழகிடும்.”

வந்தவர் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் அப்பாவியாக ஒரு கும்பிடு போடுவேன். அவர் கழற்றிய செருப்பை அப்படியே மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

“நீ வூட்ட வாடகைக்கு வுடறியா, ஆள வெரட்டறியா?” என்று உள்ளேயிருந்து கணவர் கத்துவார்.

“குறைய முதல்ல சொல்லிட்டா நல்லதை நிம்மதியா பேசலாம். அவங்கதான் நிக்க மாட்டேங்கறாங்க” என்பார் மேடம், கொஞ்சமும் கோபமில்லாமல்.

எட்டு மாதம் மாடி காலி. ஒன்பதாவது மாதம் ஒரு நர்ஸம்மா வந்தார். வெயில், மோட்டார், படி, என் வாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அப்பறம்?” என்றார். அன்றுதான் நான் மேடத்தின் இரண்டாவது பாதியை முதன்முதலில் கேட்டேன். மொட்டைமாடியில் நின்றால் மலை அடியிலிருந்து உச்சிவரை மறைப்பில்லாமல் தெரியும். தண்ணீர் உப்பு கிடையாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிற ஆளுக்காகத் தாங்களே டி.வி.யைக் குறைத்து வைத்துக்கொள்வார்கள். வாடகையை வருடா வருடம் ஏற்ற மாட்டார்கள். நர்ஸம்மா அந்த வீட்டில் ஆறு வருடம் இருந்தார்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. காரணம் என் தொழில். நான் காப்பீட்டு முகவர். எங்கள் தொழிலில் நல்லதை உட்கார்ந்து விளக்குவோம்; கெட்டதை எழுந்து போகும்போது, இருமலுக்கு நடுவில் சொல்லுவோம். ஒருத்தர் வாயால் ஒரு குறை சொன்னால், உள்ளே ஒன்பது குறை இருக்கும் என்பது எங்கள் கணக்கு. இருபத்தேழு வருடம் இப்படியே பிழைத்தவனுக்கு, குறையை முதலில் சொல்கிற மனுஷி கிறுக்கு மாதிரித்தான் தெரிவார்.

அவரிடமும் ஒரு பாலிசி விற்கப் போனேன். நாற்காலியில் சாய்ந்து, தொண்டையைக் கனைத்து, முதிர்வு, போனஸ், வரிச்சலுகை என்று இறங்கப் போனபோது கையைத் தூக்கினார்.

“சார், இதுல இன்னா குறை? அத முதல்ல சொல்லிடுங்க.”

அந்தக் கேள்வியை அத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. “குறைனு பாத்தா…” என்று ஆரம்பித்து, வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் உண்மையிலேயே குறைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஐந்து வந்தது. கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். “சரி சார், போட்டுக்கறேன்” என்று கையெழுத்துப் போட்டார். என் தொழில் வாழ்க்கையில் கெட்டதைச் சொல்லி விற்ற ஒரே பாலிசி அதுதான். அந்த வித்தையை மறுபடி யாரிடமும் முயலவில்லை. பயம்.

அவர் கல்யாணக் கதையை நடத்துநர்தான் சொன்னார். பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டனவாம். மூன்றாவதாக இவர் வீட்டார். காப்பித் தட்டோடு வந்த பெண், தட்டை வைத்துவிட்டு மாமியாராக வரவேண்டியவரிடம் சொன்னதாம்: “எனக்கு சமையல் சுமாராத்தான் வரும். கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேன். மேல படிக்கணும், அத வுட மாட்டேன்.”

“எங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா சார்?” என்றார் நடத்துநர். “‘வேற?’ன்னாங்க. அப்பறம் காப்பிய குடிச்சிப் பாத்துட்டு, ‘ஆமா, சுமாராத்தான் இருக்கு’ன்னாங்க. அப்பவே முடிவாயிடுச்சி.”

ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் போனபோதும் இதே கதைதான். உட்கார்ந்ததும், “என் இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும் சார்” என்றிருக்கிறார். அவர்கள் நர்ஸம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இனி என் மகள். அவளுக்குப் பொருளாதாரத்தின் மேல் ஆசை வந்தது கீழ்பென்னாத்தூரில். என் மாமனாருக்கு அங்கே மூன்று ஏக்கர். மல்லாட்டை போடுவார், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். அறுவடை சமயம் அவரோடு மண்டிக்குப் போய்வருவாள். நல்ல விளைச்சல் வந்த வருடம் தாத்தா முகம் வாடியும், விளைச்சல் கம்மியான வருடம் தெளிந்தும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பத்தாவது படிக்கும்போதே காலண்டர் தாளின் பின்பக்கம் தினசரி விலையை எழுத ஆரம்பித்தாள். என்னிடம் ஏன் என்று கேட்டாள். “எல்லாம் வியாபாரிங்க பண்ற வேலைம்மா” என்றேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, “அது பதில் இல்லப்பா” என்றாள்.

மதிப்பெண் வந்தது. வணிகவியல் பிரிவில் பள்ளியிலேயே இரண்டாவது. “பி.காம். போட்டுடுவோம், பேங்க் பரீட்சை எழுதலாம்” என்றேன். “எனக்கு எகனாமிக்ஸ் வேணும்ப்பா. எங்க நல்லா சொல்லித் தராங்களோ அங்க” என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. கட்டடம் கேட்கவில்லை, ஏ.சி. கேட்கவில்லை. நல்லாச் சொல்லித் தருகிற இடம்.

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. என் பதற்றத்துக்கு ஒரு தனி அழகு உண்டு; சாப்பாடு ஜாஸ்தியாகும், அறிவு கம்மியாகும். ஒரே வாரத்தில் எட்டுக் கல்லூரி விவரப் புத்தகங்களை வாங்கி வந்து குவித்தேன். படங்களில் எல்லாப் பிள்ளைகளும் புல்தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரில் அவ்வளவு புல் என்று யாரும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்குப் போனேன். மேடம் துணி மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மடித்த துணியை அப்படியே ஓரமாக வைத்தார்.

“எங்க டிபார்ட்மென்ட் பத்தி சொல்றேன் சார். முதல்ல குறையெல்லாம் சொல்லிடறேன். அஞ்சு பேர் இருக்க வேண்டிய எடத்துல மூணு பேர்தான் இருக்கோம். நானே வருஷ ஒப்பந்தம்தான். பெஞ்சு ஆடும். கரண்ட் போனா ஃபேன் நின்னுடும். லைப்ரரில புது புக்கு கம்மி. பொண்ணுங்களுக்கு ரெண்டே பாத்ரூம், அதுல ஒண்ணு பூட்டியே கெடக்குது…”

நான் கையைத் தூக்கிவிட்டேன். “போதும் மேடம். புரிஞ்சிடுச்சி.”

“இன்னும் முடிக்கல சார்.”

“வேலை பாக்கற நீங்களே இப்டி சொன்னா, அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?” என்று சிரித்தேன். மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நின்று கேட்போம் என்று அர்த்தம். எனக்கு முதுகில் அரிப்பு என்று நினைத்துச் சொறிகிறாளோ என்ற மாதிரி நெளிந்துகொண்டு, அடுத்த கேள்விக்குத் தாவினேன். “அந்த மஞ்ச பஸ்ஸு காலேஜ் எப்டி மேடம்?”

“நான் உள்ள போய் பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டு முடிவு பண்ணுங்க சார். அங்க எகனாமிக்ஸுக்கு எத்தினி பேர் சேந்திருக்காங்க, யார் நடத்தறாங்க. அவ்ளோதான்.”

ரோட்டைத் தாண்டி வரும்போதே மகளுக்கு விளக்கினேன். “பாத்தியா, வாயால சொல்ல முடியாம நமக்கு ஜாடை காட்டறாங்க. இங்க வராதன்றாங்க.”

“அவங்க வாயாலதானப்பா சொல்லிட்டிருந்தாங்க. நீதான் நிறுத்திட்ட” என்றாள்.

அடுத்த வாரம் பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் கல்லூரிகளின் வழிகாட்டி முகாம். மணமேடையில் ஒலிபெருக்கி. பந்தி நடக்கிற இடத்தில் வரிசையாக மேசைகள். மஞ்சள் பஸ் கல்லூரி மேசையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இளைஞன். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“சார், பாப்பா கண்ணுலயே எகனாமிக்ஸ் தெரியுது சார்!”

இதே வாக்கியத்தை ஆயிரம் பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். ‘உங்க முகத்துலயே பொறுப்பு தெரியுது சார்.’ விற்கிறவன் வித்தை விற்கிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் உருகிவிட்டேன். அல்வாக் கடைக்காரனுக்கு அடுத்த கடை அல்வாவின் மேல் ஆசை வருகிற மாதிரி.

மகள் கேட்டாள்: “எகனாமிக்ஸ்ல எத்தனை சார் இருக்காங்க?”

“மொத்த கேம்பஸ்ல நூத்தி எம்பது ஸ்டாஃப்மா!”

“எகனாமிக்ஸ்ல?”

“ஏசி செமினார் ஹால் இருக்குமா. லேப்டாப் தராங்க. ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை பிரியாணி.”

“ஏசியாம்!” என்றேன் நான், ஏதோ எனக்கு வகுப்பு நடக்கப்போகிற மாதிரி. மேடம் சொல்லி அனுப்பிய கேள்வி மகளுக்கு ஞாபகம் இருந்தது. “இந்த வருஷம் எத்தன பேர் சேந்திருக்காங்க?” என்றாள். “போன வருஷத்தவிட டபுள்மா” என்றான் அவன். போன வருடம் எத்தனை என்று அவள் கேட்பதற்குள் நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு சணல் பை, ஒரு தொப்பி, ஒரு சாவிக்கொத்து கொடுத்தான். தொப்பியை அங்கேயே தலையில் வைத்துக்கொண்டேன்.

அரசுக் கல்லூரிக்கும் மகள் விண்ணப்பம் போட்டிருந்தாள். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்த அன்று காலை, மேடம் கைப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். “பத்து மணிக்கு பேர் கூப்புடுவாங்க சார். பாப்பாவ நானே கூட்டிப் போகட்டுமா?” “நாங்கதான் சேந்துட்டோமே மேடம்” என்றேன். அவர் உள்ளே பார்த்தார். மகள் கதவோரம் நின்றிருந்தாள். “சரி” என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றால், மாட்டேன்.

கதையைக் கொஞ்சம் முன்னால் ஓட்டுகிறேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மாசி மாதம், மாமனாரின் மூட்டைகளோடு கீழ்பென்னாத்தூர் மண்டியில் நானும் மகளும் நிற்கிறோம். அவள் அப்போது அதே மஞ்சள் பஸ் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். அது எப்படி பி.காம். ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கும்பல் பிள்ளைகள், கையில் நோட்டு, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நூல் கட்டிய கண்ணாடியோடு எங்கள் மேடம், ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்து.

எங்களைப் பார்த்ததும் கூப்பிட்டார். மகளிடம் எடுத்த எடுப்பில், “வெயில் மண்டைய பொளக்குது, குடிக்க நல்ல தண்ணி கெடையாது, வியாபாரிங்க பாதி பேர் எங்ககிட்ட பொய் வெலதான் சொல்றாங்க” என்றார்.

மகள், “அப்பறம் மேடம்?” என்றாள்.

அன்று நானும் நின்றேன். நகர வழியில்லை, முன்னால் மூட்டை, பின்னால் வண்டி. பொருளாதாரப் பிள்ளைகள் வருடா வருடம் சீசன் முழுக்க மண்டிக்கு வந்து விலை எழுதுகிறார்கள். பழைய பிள்ளைகள் எழுதிய நோட்டுகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதை வைத்துத்தான் விலை பற்றிய பாடமே நடக்கிறது. ஒவ்வொரு செட்டிலும் மூன்று நான்கு பேர் எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். “மூணே பேர்தான் இருக்கோம். ஆனா கேட்ட கேள்விக்கு பதில் தெரியலன்னா, தெரியல, தேடிச் சொல்றேன்னு சொல்லுவோம்” என்றார் மேடம். பையன்களில் ஒருத்தன், “மறுநாளே தேடிட்டு வந்து நம்ம உயிர எடுப்பாங்க” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மகள் ஒரு பெண்ணிடமிருந்து நோட்டை வாங்கி, எடை போடும் இடத்தில் நின்று, பத்துப் பதினைந்து மூட்டைகளுக்கு விலை எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திருவண்ணாமலை வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். “நல்லா இருக்குப்பா” என்றாள்.

அது பி.காம். ஆன கதை இதுதான்.

தினமும் பஸ்ஸில் போய்வரத் தூரம் என்று ஜூலையில் விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். ஆகஸ்டில் ஒரு நாள் மகள் போன் செய்தாள். பொருளாதாரத்துக்கு மொத்தம் ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்களாம். ஒன்பது பேருக்காக வகுப்பு நடத்த முடியாது, பி.காமுக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம், ரெண்டு வாரத்தில் சொல்லுங்கள் என்று விட்டார்களாம். கழுத்துப்பட்டை இளைஞனைப் பிடித்தேன்.

“சார், பி.காம்.லயும் எகனாமிக்ஸ் ஒரு பேப்பர் வருது சார்! டபுள் பெனிஃபிட்!” என்றான்.

என் வாயே எனக்கு எதிர்முனையில் பேசுகிற மாதிரி இருந்தது. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

மனைவி அப்போது ஊரில் இல்லை. மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மகள்தான் இரண்டாம் நாளே போனில் கேட்டாள்: “ப்பா, எதிர்வீட்டு மேடத்த கேட்டுப் பாரேன். அங்க எதனா சீட் இருக்கலாம்.”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?”

“என் மூஞ்சிய வெச்சிக்கினு நான் கேக்கறேன். நம்பர் குடு.”

“வேணாம், நானே பாத்துக்கறேன். அப்பா இருக்கேன் இல்ல?” என்றேன். இருந்தேன்தான். எங்கே இருந்தேன் என்பதுதான் கேள்வி.

அந்த இரண்டு வாரமும் மேடத்தின் கண்ணில் படாமல் இருப்பதே என் முழுநேர வேலை. பின்பக்க மதில் இடுக்கு வழியாக, மாட்டுக் கொட்டகைச் சேற்றில் இறங்கித் தெருமுனைக்குப் போனேன். எங்கள் தெருவில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்துபோய்க் கீரை வாங்கிய ஒரே ஆள் நான்தான். “இன்னா சார், கீரைக்காரம்மா அடிப்பாங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எப்படியும் விஷயம் கசிந்துவிட்டது. நடத்துநரின் பஸ்ஸில் வந்த அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் யாரோ பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் காலை நான் கேட்டைத் திறக்கும்போது, எதிரில் மேடம். “சார், ஒரு நிமிஷம்” என்றார். நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “ஆங், சொல்லுங்க சார், சொல்லுங்க” என்று சத்தமாகப் பேசியபடி நடந்துவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் எனக்கு போன் வந்தது. அவர் நர்ஸம்மாவுக்குச் சொன்ன மாதிரி நாலு குறை சொல்லி, ‘கேட்டிருக்கலாமே சார்’ என்று முடிப்பார் என்று நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவ்வளவு பயம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மலை சுற்றினால் ஒரு வழி பிறக்கும் என்று தோன்றியது. மதியம் இரண்டரைக்கே கோபுரத்தெதிரில் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று, “சாமி, என் பொண்ணுக்கு எகனாமிக்ஸ் சீட்டு ஒண்ணு காட்டு” என்று வேண்டிக்கொண்டேன். பக்தியில் குறையில்லை. காலில் கொப்புளம் வந்தது. பதினாலு கிலோமீட்டர் சுற்றினேன். இருபதடி ரோட்டைக் கடக்கவில்லை.

சனி, ஞாயிறு காலைத் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஞாயிறு மாலை மகள் போன் செய்து, “நாளைக்கு கையெழுத்து போடச் சொல்றாங்கப்பா. கேட்டியா?” என்றாள். “நாளைக்கு காலைல மொத வேலை அதான்” என்றேன். அவள் அழவில்லை. “சரிப்பா” என்றாள். அழுதிருந்தால் அன்றைக்கே கடந்திருப்பேனோ என்னவோ.

திங்கட்கிழமை காலை நொண்டிக்கொண்டே போனேன். மேடம் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி நின்றார். “மேடம், பொண்ணு விஷயமா…” என்று இழுத்தேன்.

“தெரியும் சார். அதுக்குதான் உங்கள கூப்ட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க.”

“நான் யார்கிட்டயும் பேசல மேடம்.”

“அதுவும் தெரியும் சார். போன தலைகீழா புடிச்சிருந்தீங்க.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிறகு, குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை.

கலந்தாய்வு முடிந்த பிறகும் அரசுக் கல்லூரியில் பொருளாதாரத்துக்கு நான்கு இடங்கள் நிரம்பாமல் கிடந்திருக்கின்றன. சான்றிதழோடு நேரில் போனாலே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகளின் பெயர் பழைய பட்டியலிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சேர்க்கையை முடித்துவிட்டார்கள். நான்கு இடங்களும் அந்த வருடம் முழுக்கக் காலியாகவே இருந்தன.